சீசன் டெலிவரி வேலை முடிந்ததா? யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்து சம்பளத்தை முழுசாக வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆயுத பூஜைக்கு முன்னாலேயே சேர்ந்து தீபாவளி முடிந்த கையோடு வெளியே வருகிற டெலிவரி வேலையில் நான் மூன்று சீசன் ஓடியிருக்கிறேன். அப்புறம் சென்னையில் ஒரு ஹப்பில், அதாவது பார்சல் வந்து பிரிந்து டெலிவரிக்குப் போகிற கிடங்கில், உள்ளேயே உட்கார்ந்து டெலிவரி பேக், டி-ஷர்ட், ஐடி கார்டு எல்லாம் கொடுத்து வாங்குகிற வேலையும் ஒன்றரை வருஷம் பார்த்தேன். நவம்பர் வந்தால் காட்சி மாறாது. ஹப் வாசலில் பத்துப் பதினைந்து பையன்கள் நிற்பார்கள், "அண்ணே, என் செட்டில்மென்ட் ஏன் நிக்குது?" என்று கேட்பார்கள் (செட்டில்மென்ட் என்றால் வேலை முடிந்ததும் வர வேண்டிய கடைசிச் சம்பளக் கணக்கு), உள்ளே இருந்து "நீ இன்னும் பேக் ரிட்டர்ன் பண்ணலையே" என்று பதில் வரும். பேக்கை ஒழுங்காகக் கொடுத்தவனும் அந்தக் கூட்டத்தில் நிற்பான், ஏனென்றால் கொடுத்தான் என்பதற்கு அவன் கையில் ஒன்றுமே இருக்காது.

என் முதல் சீசனிலும் அதுதான் நடந்தது. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், நல்ல மழை, டீம் லீடர் வரவில்லை, வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு பேக், இரண்டு டி-ஷர்ட், ரெயின்கோட் எல்லாவற்றையும் ஒரு பெரிய கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "அவர் வந்தா கொடுத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். மாசக் கடைசியில் 2,400 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிதான் வந்தது. கேட்கப் போனால் டீம் லீடர் வேறு ஹப்புக்கு மாறியிருந்தார், செக்யூரிட்டி ஏஜென்சியே மாறியிருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை. அது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2025 பண்டிகைக் காலத்துக்கு மட்டும் அமேசான் நாடு முழுக்க 1.5 லட்சத்துக்கும் மேல் தற்காலிக வேலை என்று அறிவித்தது. அதில் கிடங்கு வேலையும் சேர்த்திதான், ஆனாலும் மற்ற கம்பெனிகளையும் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஓடி, அப்புறம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில்: நீங்கள் யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டி-ஷர்ட்டில் இருக்கிற பெயர் ஒன்று, சம்பளம் போடுகிறவர் பெயர் வேறு. சீசன் வேலையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்று வகை உண்டு. கம்பெனியே நேரடியாக எடுத்திருக்கலாம். நடுவில் ஒரு வெண்டர், அதாவது ஒப்பந்தக்காரர், எடுத்து ஹப்புக்கு அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் ஆப்பில் நீங்களே பதிவு செய்து 'பார்ட்னர்' என்ற பெயரில் ஓடலாம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வங்கி மெசேஜில் சம்பளம் யார் பெயரில் விழுகிறது என்று பாருங்கள், பி.எஃப். பிடித்தால் அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், யூனிஃபார்ம் பிடித்தம் பற்றிய சட்டப் பாதுகாப்பு முதல் இரண்டு வகைக்குத்தான் நேரடியாக வரும். ஆப் பார்ட்னர் கதை தனி, அதைக் கீழே சொல்கிறேன். வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது கொடுத்தாக வேண்டும் என்று இருக்கிறது. "ரெண்டு மாச வேலைக்கு எதுக்குப்பா லெட்டர்" என்பார்கள். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பினாலும் போதும், விடாதீர்கள்.

சேர்கிற அன்றைக்கே செய்ய வேண்டியது

பிரச்சினை முளைக்கிற இடம் இதுதான், கடைசி நாள் இல்லை. சீசன் ஆரம்பத்தில் ஒரே நாளில் நாற்பது ஐம்பது பேருக்கு யூனிஃபார்ம் கொடுப்பார்கள், ஒரு நோட்டை நீட்டிக் "கையெழுத்துப் போடு" என்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது அந்த நோட்டில் பார்த்திருக்கிறேன்: எல்லார் பெயருக்கும் நேரே "2 டி-ஷர்ட், 1 பேக், 1 ரெயின்கோட், 1 ஐடி" என்று முன்கூட்டியே எழுதியிருக்கும், ஆனால் அன்றைக்கு ஸ்டாக்கில் ரெயின்கோட்டே வந்திருக்காது. "அடுத்த வாரம் தர்றோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரம். ஆனால் நவம்பரில் கணக்குப் பார்க்கிறவர் அந்த நோட்டைத்தான் பார்ப்பார், நீங்கள் வாங்காத ரெயின்கோட்டுக்கும் சேர்த்துக் காசு பிடிப்பார்.

அதனால் கையில் வராத பொருளுக்கு நேரே உங்கள் பேனாவாலேயே ஒரு கோடு போட்டு "தரவில்லை" என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். எடுக்க விடவில்லையென்றால் வெளியே வந்து, வாங்கிய பொருள் எல்லாவற்றையும் பைக் சீட்டில் பரப்பி வைத்து ஒரு போட்டோ எடுத்து, டீம் லீடருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்:

"சார், இன்றைக்கு நான் வாங்கியது: டி-ஷர்ட் 2, பேக் 1, ஐடி கார்டு 1. ரெயின்கோட் இன்னும் வரவில்லை. பேக்கில் பக்கவாட்டு ஜிப் ஏற்கெனவே உடைந்திருக்கிறது, போட்டோ அனுப்பியிருக்கிறேன்."

அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைய தேதியோடு அது அங்கே கிடக்கும்.

பேக்கை மட்டும் இரண்டு நிமிஷம் எடுத்து நன்றாகப் பாருங்கள். சீசன் ஆட்களுக்குப் புது பேக் வருவது அபூர்வம், போன வருஷம் யாரோ சுமந்ததைத் துடைத்துக் கொடுப்பார்கள். மூடியில் வெல்க்ரோ பிடிக்கிறதா என்று ஒட்டிப் பாருங்கள், பஞ்சு அடைத்துப்போயிருந்தால் ஒட்டாது. தோள்பட்டை வார் தைத்திருக்கிற இடத்தை இழுத்துப் பாருங்கள், நூல் விட்டிருந்தால் அங்கேதான் முதலில் கிழியும். உள்பக்கம் வெள்ளி நிற லைனிங் விரிசல் விட்டிருக்கிறதா, அடிப்பலகை இருக்கிறதா. உள்ளே மார்க்கரில் ஏதாவது நம்பர் எழுதியிருந்தால் அதையும் படம் எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது "இது உன் பேக் இல்லை" என்ற பேச்சு வராது.

டெபாசிட் என்று ஏதாவது பணம் கேட்டால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். யு.பி.ஐ.யில் போட்டு, குறிப்பு இடத்தில் 'யூனிஃபார்ம் டெபாசிட், திருப்பித் தர வேண்டியது' என்று எழுதுங்கள். டீம் லீடரின் சொந்த நம்பருக்குப் போடச் சொன்னால், யார் பெயரில் ரசீது வரும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சீசன் ஓடும்போது

சென்னையில் பண்டிகை சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும், இதுதான் நம் ஊர் யூனிஃபார்முக்குப் பெரிய சத்துரு. நனைந்த டி-ஷர்ட்டை பேக்குக்குள் சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், அது எந்த சோப்பிலும் போகாது. ரெயின்கோட்டை ஈரத்தோடு மடிக்காமல் ராத்திரி கொடியில் விரித்துப் போடுங்கள்.

பொருள் கிழிந்தால், தொலைந்தால், யாராவது எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்கே எழுதுங்கள். வண்டியை மாடிப்படி ஓரம் நிறுத்திவிட்டு மூன்றாம் மாடி ஏறி இறங்குவதற்குள் ரெயின்கோட் காணாமல் போவது எல்லாருக்கும் நடப்பதுதான். எந்த ஏரியா, என்ன நேரம், எந்த ஷிப்மென்ட் கொடுக்கும்போது என்று மூன்று வரி மெசேஜ் போதும். கடைசி நாளில் முதன்முதலாகச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஐடி கார்டு தொலைந்தால் கொஞ்சம் வேகமாக இருங்கள். டி-ஷர்ட்டும் ஐடியும் இருந்தால் அபார்ட்மென்ட் வாசலில் பெரும்பாலும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். உங்கள் படம் போட்ட கார்டை வைத்துக்கொண்டு வேறு ஒருவன் எங்காவது நுழைந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு ஆன்லைனிலேயே அறிக்கை பதிவு செய்யலாம், ஸ்டேஷன் ஏற வேண்டியதில்லை. அதை பி.டி.எஃப். ஆக எடுத்து ஹப்புக்கு அனுப்பிவிடுங்கள். கம்பெனிகள் யூனிஃபார்மைத் திருப்பிக் கேட்பதற்கு இருக்கிற நியாயமான காரணமும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு டி-ஷர்ட்டின் விலை அவர்களுக்குப் பெரிதில்லை, அந்த லோகோ எங்கே சுற்றுகிறது என்பதுதான் பெரிது. அதனால் பழைய டி-ஷர்ட்டை வண்டி துடைக்கவோ, மாமா பையனுக்கோ கொடுக்க வேண்டாம், பேக்கை செகண்ட் ஹேண்டில் விற்கவும் வேண்டாம்.

கடைசி வாரம்

வேலை எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீசன் ஆட்களை நிறைய இடத்தில் "போதும்" என்று சொல்வதே இல்லை, ரூட், அதாவது அன்றைய டெலிவரி வேலை, தராமல் விட்டுவிடுவார்கள், நாமும் இன்றைக்குக் கூப்பிடுவார்கள் நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்திருப்போம், அதற்குள் ரிட்டர்ன் தேதி தாண்டிவிட்டது என்பார்கள். இரண்டு நாள் தொடர்ந்து ரூட் வரவில்லையென்றால் நீங்களே மெசேஜ் போடுங்கள்: "சார், நேற்றும் இன்றும் ரூட் இல்லை. என் வேலை முடிந்துவிட்டதா? யூனிஃபார்மை யாரிடம், எப்போது கொடுக்க வேண்டும்?"

அந்த 'யாரிடம்' என்ற கேள்விக்குப் பதில் வாங்குவது ரொம்ப முக்கியம். வெண்டர் ஆளாக இருந்தால் ஹப்பில் கொடுத்ததை வெண்டர் ஏற்றுக்கொள்ள மாட்டார், வெண்டரிடம் கொடுத்தால் ஹப் கணக்கில் ஏறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பையன்கள்தான் அதிகம்.

எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கின் சின்னச் சின்ன பாக்கெட்டையெல்லாம் தடவிப் பாருங்கள். ஒரு பையன் திருப்பிக் கொடுத்த பேக்கின் உள்பாக்கெட்டில் அவனுடைய ஆர்.சி. புக்கே இருந்தது, அடுத்த ஆளுக்கு பேக்கைக் கொடுக்கப்போகிற நேரத்தில்தான் நான் பார்த்தேன். கேஷ் ஆன் டெலிவரி பணம் பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்து ரசீது வாங்குங்கள். பணப் பாக்கியும் யூனிஃபார்ம் பாக்கியும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் எது எதற்குப் பிடித்தார்கள் என்று பிரிக்கவே முடியாது.

கொடுக்கிற நாள்

காலையில் ஒன்பதுக்கு முன்னால் போகாதீர்கள், அப்போது வண்டி லோடு ஏறுகிற நேரம், யாரும் உங்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் ஹப் கொஞ்சம் அமைதியாக இருக்கும். செக்யூரிட்டியிடமோ, நண்பனிடமோ, பக்கத்து டீக்கடையிலோ கொடுத்துவிட்டு வராதீர்கள், நான் செய்தது அதுதான்.

ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். இப்படி இருந்தால் போதும்:

"(உங்கள் பெயர்), ஊழியர் எண் ____. இன்று தேதி ____, நேரம் ____. டி-ஷர்ட் 2, பேக் 1, ரெயின்கோட் 1, ஐடி கார்டு 1 ஆகியவற்றை ____ ஹப்பில் திருப்பி ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டவர் பெயர், பதவி, கையெழுத்து: ____"

ஒன்றில் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் கேளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம். பொருளை மேசை மேல் வைத்துப் போட்டோ எடுங்கள், பின்னால் ஹப் பெயர்ப்பலகையோ நோட்டீஸ் போர்டோ தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. அங்கே நின்றுகொண்டே டீம் லீடருக்கும், வெண்டர் ஆளுக்கும், கம்பெனியின் எச்.ஆர். மெயிலுக்கும் படத்தோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாது, நம்பர் மாறும், குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், அதனால் மெயிலும் ஒன்று போடுங்கள்.

ஊருக்குப் போயாகிவிட்டது, நேரில் வர முடியாது என்றால் முதலில் மெயிலில் முகவரி கேட்டு வாங்கி, அப்புறம் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி பார்சலாக அனுப்புங்கள். முகவரி கேட்காமல் அனுப்பினால் அது ஹப் மூலையில் கிடக்கும்.

செட்டில்மென்ட் வந்ததும்: எவ்வளவு பிடிக்கலாம்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. சம்பளத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புதான் கணக்கு. அதில் நமக்கு வேண்டியது இவ்வளவு.

ராஜினாமா செய்தாலும், வேலையை விட்டு எடுத்தாலும், இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். "நாற்பத்தைந்து நாள் ஆகும், கம்பெனி பாலிசி" என்பது பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஒப்படைத்த பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ பிடிக்கலாம், ஆனால் அது நேரடியாக உங்கள் கவனக்குறைவால் நடந்திருக்க வேண்டும். பிடிக்கிற தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன்னால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இதை நம் வேலையில் வைத்துப் பாருங்கள். மூன்று மாசம் தினமும் எண்பது நூறு பார்சல் சுமந்த பேக்கில் வார் நைந்துபோவது உழைத்ததால் வந்த தேய்மானம், அதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை. போன வருஷமே பழசான பேக்குக்குப் புது பேக் விலையைப் பிடித்தால் அது உண்மையான இழப்பு ஆகாது. இங்கேதான் முதல் நாள் எடுத்த அந்த உடைந்த ஜிப் போட்டோ உங்களுக்குப் பேசும்.

செட்டில்மென்ட் தாளில் 'அசெட் ரெக்கவரி' (கொடுத்த பொருளுக்கான பிடித்தம்) என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்தப் பொருள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எந்தத் தேதியில் என்னிடம் விளக்கம் கேட்டீர்கள் என்று மெயிலில் மூன்று கேள்வி கேளுங்கள். நான் உள்ளே இருந்தபோது பார்த்திருக்கிறேன், இப்படிப் பிரித்துக் கேட்டவர்களுடைய பிடித்தம் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். கணக்குப் போட்டவருக்கே பதில் தெரியாது.

அப்படியும் தரவில்லையென்றால்

வெண்டர் போனை எடுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வெண்டர் கொடுக்கவில்லையென்றால் நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்று அதே சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதனால் புகாரில் வெண்டர் பெயரையும், நீங்கள் வேலை பார்த்த கம்பெனி பெயரையும் இரண்டையுமே எழுதுங்கள்.

உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, அங்கே கேட்டால் உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்று சொல்வார்கள். நியமனக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், செட்டில்மென்ட் தாள், ஒப்படைத்த சீட்டு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துப் போங்கள். சம்பளம் குறைவாக வந்தது, தவறாகப் பிடித்தார்கள் என்று நீங்கள் மனுப் போட்டால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கிற பாரம் முதலாளி தலையில்தான். பாக்கித் தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடவும் அதிகாரம் இருக்கிறது. மனுப் போட மூன்று வருஷம் அவகாசம். ஆனால் புதுச் சட்டத்துக்கு முந்தைய சீசன் பாக்கி என்றால் பழைய சட்டப்படி 12 மாசம்தான், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால் 15100க்கு போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவிக்கான எண் அது. முதல்வரின் முகவரி என்கிற அரசுப் புகார் எண் 1100இலும் பதியலாம், புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"பேக் கொடுக்காவிட்டால் போலீஸில் கம்ப்ளைன்ட் கொடுப்போம்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், ஆனால் பொருள் உண்மையிலேயே உங்கள் வீட்டில் இருந்தால் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசவும் வேண்டாம். "சம்பளம் போட்டால்தான் பேக் தருவேன்" என்று நிறையப் பேர் உட்கார்ந்துகொள்கிறார்கள், கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அங்கே கை மாறிவிடும், அவர்கள் தவறு மறைந்து உங்கள் தவறு முன்னால் வந்து நிற்கும். பொருளை முதலில் கொடுங்கள், சீட்டு வாங்குங்கள், அப்புறம் பணத்தைக் கேளுங்கள்.

ஆப் பார்ட்னர்களுக்கு

ஸ்விகி, ஜொமேட்டோ மாதிரி ஆப்பில் ஓடுகிறவர்களுக்கு மேலே சொன்ன சம்பளச் சட்டம் நேராகப் பொருந்துவதில்லை, நீங்கள் ஊழியர் இல்லை பார்ட்னர் என்பதுதான் அவர்கள் நிலை. டி-ஷர்ட்டும் பேக்கும் சேர்ந்த கிட்டை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தில் திருப்பித் தர வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவணையாக வாரக் கணக்கிலிருந்து பிடித்திருந்தால் அந்த வாரங்களின் ஸ்கிரீன்ஷாட்டை ஐடி முடக்கப்படுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், முடக்கிய பிறகு ஆப்புக்குள்ளேயே போக முடியாது. தமிழ்நாட்டில் 2023 கடைசியில் கிக் தொழிலாளர்களுக்கென்று, அதாவது இப்படி ஆப் மூலம் வேலை பார்க்கிறவர்களுக்கென்று, தனி நல வாரியம் அமைத்திருக்கிறார்கள், தொழிலாளர் துறை மூலம் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். கிட் பணத்தை அது வாங்கித் தராது, ஆனால் விபத்து என்று ஒன்று வந்தால் கைகொடுக்கும்.

ஒப்படைத்த சீட்டையும் போட்டோக்களையும் உங்கள் மெயிலுக்கே ஒரு தடவை அனுப்பி வைத்துவிடுங்கள். மழையில் முதலில் போவது போன்தான். அடுத்த சீசனுக்கு அதே ஹப்பில் மறுபடி சேரும்போது "உன் பேரில் பழைய பாக்கி காட்டுதே" என்று சிஸ்டத்தைத் திருப்பிக் காட்டுவார்கள், அப்போது அந்த மெயிலைத் திறந்து காட்டினால் அங்கேயே அழித்துவிட்டு ரூட் போடுவார்கள்.